கொக்கு மார்க் பன்னிரண்டாம் இசைத்தட்டு

கொக்கு மார்க் பன்னிரண்டாம் இசைத்தட்டில் எழுபத்தேழு வருடங்களாக ஒரே பாட்டைப் பாடிவந்த பெண், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கடைசி அடியைப் பாதியில் நிறுத்திவிட்டு, “வெளியில என் குழந்தை அழுவுதுங்க, ஊசியை உடனே எடுத்துடாதீங்க” என்றாள். தட்டுக்குச் சொந்தக்காரரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உடனே ஊசியை எடுத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம் அது. பெரிய கம்பெனித் தட்டுகளை அவர் தொடுவதில்லை. பிறந்து ஒரு வருடத்துக்குள் மூடிய கம்பெனிகளின் தட்டுகளை மட்டுமே சேர்த்தார். கொக்கு மார்க் கம்பெனி பதினொரு மாதம் உயிரோடிருந்து பதினான்கு தட்டுகள் போட்டது. பன்னிரண்டாவதில் இன்று மிஞ்சியிருப்பது அவரிடமுள்ள ஒரே பிரதி. அந்தக் காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் ஊசியை நிறுத்திவைக்கும் பள்ளம் கிடையாது. கடைசிக் கோட்டுக்குப் பிறகு வழவழப்பான வெற்றிடம், அதைத் தாண்டினால் நடுவில் ஒட்டிய காகித லேபிள். எடுக்காமல் விட்டால் ஊசி வழுக்கிக்கொண்டு போய் லேபிளை உழுதுவிடும். லேபிள் கிழிந்த தட்டைச் சேகரிப்பாளர்கள் தட்டாகவே மதிப்பதில்லை. அதனால் கடைசி எழுத்து வாயை விட்டு இறங்குவதற்குள் அவர் கை தானாக எழும்.

வாசற்படியில் ஈரக் கையோடு நின்ற அவர் மனைவி கையைத் துடைக்க மறந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கித் தரையில் சொட்டியது. அவர் கையிலிருந்த வாடிக்கையாளரின் கண்ணாடி இரண்டாக முறிந்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை. ஆறு மணிக்கு அவர் புது ஊசி மாட்டி, கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, மறுபடி வைத்தார். பாடுகிறவள் அதே இடம் வரை பாடினாள். “கதவு அஞ்சடி தூரத்துலதான் இருக்கு. அதுக்குள்ள எடுத்துடுறீங்களே” என்றாள். அவர் கை மறுபடி எடுத்துவிட்டது.

மறுநாள் அவருடைய நண்பரான பல் டாக்டர் வந்து கேட்டார். முப்பது வருடமாக மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்னவர், தன் வாயை மூட மறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புறப்படும்போதுதான் பேச்சு வந்தது. “ஊசியை ஓட விட்டுடாதய்யா. லேபிள் போயிடும். உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு.” சொல்லிவிட்டு வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரர் தட்டைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தார். ஒன்றரை வருடம் அது அங்கேயே இருந்தது. தட்டு பேசியதில் அவர் மனைவிக்கு ஏற்பட்ட அதிர்ச்சி ஒரு வாரத்தில் தணிந்துவிட்டது. தணியாதது வேறொன்று. அந்தத் தட்டில் பாட்டுக்கு அடியில் மெல்லிய கீச்சொலி ஒன்று உண்டு. தேய்மானம் என்று அவர் பட்டியலில் எழுதியிருந்தார், அவளும் அப்படியே நம்பியிருந்தாள். அது குழந்தையின் அழுகை. இத்தனை வருடம் கேட்டும் தனக்கு அது தெரியாமல் போனதை அவளால் தாங்க முடியவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் காதுகளை வைத்துப் பிழைத்தவள் அவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைக்குழந்தையான மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள். தெருமுனை வரை அழுகை கூடவே வரும். ஹெட்போனை மாட்டிய பிறகும், யாரோ யாரிடமோ பேசும் பேச்சுகளுக்கு நடுவே, அது கேட்டுக்கொண்டிருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மகளுக்குப் போன் செய்து கேட்டாள்.

“சின்னதுல என்னை நினைச்சு ரொம்ப அழுவியாடி?”

“என்னம்மா திடீர்னு? அழுததெல்லாம் ஞாபகம் இல்ல. உன் முதுகு ஞாபகம் இருக்கு.”

மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்த பிறகு அவள் நாற்காலியில் ஏறி அலமாரி மேலிருந்த தட்டை எடுத்தாள்.

கடைக்காரர் சாப்பிட வந்திருந்த நேரம். அவர் பார்க்கப் பார்க்கத் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தாள். “வேணாம்மா, சொன்னா கேளு” என்றவர், பாட்டு கடைசி அடிக்கு வந்ததும் எழுந்துவிட்டார். பாடுகிறவள் நிறுத்தினாள். அவர் கை நீண்டது. மனைவி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஊசி வெற்றிடத்தில் வழுக்கியது; காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல் பதறியது: “அம்மா, சிவப்பு விளக்கு எரியுது, ரெக்கார்டு ஓடுது, நகராதீங்க.”

“எரிஞ்சா எரியட்டும்.”

ஊசி காகிதத்தில் ஏறியது. லேபிளிலிருந்த கொக்கின் கால் கிழிந்தது, பிறகு இறக்கை. கதவு திறந்தது. அழுகை அறை முழுக்க நிறைந்து, பிறகு தோளில் முகம் அழுந்தியதுபோல் மங்கி, இரண்டு விக்கலாகி நின்றது. ஸ்பிரிங் தளரும் வரை தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை, அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

“ஆணா பொண்ணான்னு தெரியலையே” என்றார் அவர் கடைசியில்.

“பசியில அழுதிருக்கு. எதுவா இருந்தா என்ன?”

தெருமுனை வரை வந்த மகளின் அழுகை மட்டும் அவளுக்கு நிற்கவில்லை. அது எந்தத் தட்டிலும் இல்லை. பன்னிரண்டாம் தட்டில் அதற்குப் பிறகு குரல் வரவில்லை. முதல் சில மாதங்கள், தட்டில் அவள் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்த வயலின்காரர் தொடக்கத்தை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுப் பாடுகிறவளுக்காகக் காத்திருந்தார். மூன்று நிமிடமும் அவர் மூச்சுவிடும் சத்தம்தான். வருடக் கடைசியில் காத்திருப்பதை விட்டுவிட்டுப் பாட்டைத் தானே வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் அடியில் கொஞ்சம் அவசரப்படுகிறார் என்பது பல் டாக்டரின் அபிப்பிராயம்.