இருபது என்றுதான் இருந்தது

சமயநல்லூரில் வந்து நின்ற பஸ்ஸின் போர்டை அழகம்மாள் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் ஏறினாள். முன்பெல்லாம் வண்டி தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவாள். இப்போது தன் கண்ணை அவளே நம்பவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். ஜலால் பாய் டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கக் கூடாது.

நான்கு ஆடுகளுக்குக் கண் போய்விட்டது. செத்திருந்தால் புதைத்துவிட்டு அழுது முடித்திருக்கலாம். கண் திறந்தபடியே இருந்தது, பார்வைதான் இல்லை. பட்டியின் வேலியில் போய் முட்டின. முட்டிய இடத்திலேயே நின்றன. மூன்றை அவள் புருஷன் சோலை கறிக்கடைக்கு ஓட்டிவிட்டான். சினையாக இருந்த செவலையை மட்டும் அவள் விடவில்லை. அதற்குத் தழையை வாயில் தொட்டுக் காட்ட வேண்டும்.

ஈரல் புழுவுக்குக் கொடுத்த மருந்தால் வந்தது. அளவைக் 'கிடை'யில் பார்த்துத்தான் கொடுத்தாள். கிடை என்பது ஆடு வளர்ப்பவர்களுக்காக ஜலால் பாய் இணையத்தில் நடத்தும் மன்றம். காளவாசலில் அவருக்குத் தீவனக் கடை. கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து ஆரம்பித்தது அது. அதில் வெள்ளைத்துரை என்று ஒருவர். டாக்டருக்குப் படித்தவரில்லை, ஆனால் எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம் இருக்கும். 'இருபது கிலோ ஆட்டுக்கு இருபது மில்லி' என்று அவர் எழுதியிருந்ததை அழகம்மாள் பட்டிக்குள் நின்று சத்தமாக வாசித்தாள். சோலை அளந்து ஊற்றினான்.

ஆடுகள் முட்டத் தொடங்கியதும் மன்றத்தில் போய்க் கேட்டாள். மதியம் கேட்டதற்குப் பொழுது சாய்ந்து பதில் வந்தது. 'சகோதரி, ஐந்து மில்லி என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். மருந்து விஷயம். நிதானமாகப் படிக்கவும்.' மேலே போய்ப் பார்த்தாள். ஐந்து என்றுதான் இருந்தது. தேதி பழைய தேதி. திருத்தியதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கரண்டு பில், சங்கத்து நோட்டீஸ், ரேஷன் கடை மெசேஜ் எல்லாம் அவள் வாசித்துச் சொல்லித்தான் சோலைக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி. போன வாரம் ரேஷன் மெசேஜ் வந்தபோது அவன் போனை அவளிடம் நீட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தான்.

"எங்க போற?"

"வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வாரேன்."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீ அஞ்சை இருபதும்ப" என்றான் சோலை.

பட்டியில் நின்று அவள் வாசித்ததைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். இருபது என்று அவள் வாசித்தது அவனுக்குத் தெரியும். அங்கே என்ன எழுதியிருந்தது என்பது தெரியாது.

கடையில் கூட்டம் இல்லை. ஜலால் பாய் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி. உக்காரு. டீ சொல்றேன்."

"வேணாம் பாய்."

அதற்குள் டீ சொல்லிவிட்டார். அவள் உட்காரவில்லை.

"டாக்டரு எழுதுனது இருபது பாய். நான் கேட்ட பெறகு அஞ்சுன்னு மாத்திட்டாரு."

"மாத்தியிருந்தா நல்லதுதானம்மா. தப்பை அப்படியே விட்டு வச்சா இன்னொருத்தன் பாத்து ஊத்த மாட்டானா? அதுக்குத்தான எல்லாருக்கும் திருத்துற வசதி குடுத்திருக்கேன்."

"திருத்தட்டும். வேணாங்கல. தப்பை அடிச்சுட்டுப் பக்கத்துல சரியானதை எழுதட்டும். அடிச்சது தெரியணும்ல? சத்தமில்லாம மாத்திட்டு என்னைய நிதானமாப் படிங்கறாரு."

"மரியாதையாத்தான சொல்லியிருக்காரு."

"அதுக்குக் கீழ ஒருத்தன் கேக்குறான், 'கண்ணு போனது ஆட்டுக்கா அக்காவுக்கா'ன்னு. அம்புட்டுப் பேரும் சிரிச்சிருக்கானுக."

"நெட்டுல நாலு பேரு நாலு பேசுவான். அதுக்குப் போயி..." பாய் தாடியைத் தடவினார். "முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அழிஞ்சது அழிஞ்சதுதான்."

டீ வந்தது. மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் போனான் டீக்கடை ஆள்.

"அப்ப யாரு வேணாலும் பழசை மாத்திக்கலாம்" என்றாள் அழகம்மாள்.

"அவங்கவங்க எழுதுனதை அவங்கவங்க மாத்தலாம். அது அவங்க உரிமைம்மா."

அவள் போனை எடுத்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஜலால் பாய் கடைத் தீவனத்தைப் பற்றி அவள் எழுதிய ஒன்றைப் பாய் மன்றத்தின் முகப்பிலேயே நிறுத்தி வைத்திருந்தார். உள்ளே வருகிற யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அவள் நிதானமாகத் தட்டினாள். பாய் அதற்குள் ஒரு சிட்டையை எழுதி முடித்துவிட்டார்.

"முகப்பைப் பாருங்க பாய்."

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். 'ஜலால் பாய் கடைத் தீவனம் போட்டதிலிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன' என்று இருந்தது. 'நன்றாகத் தேறி வருகின்றன' என்று இருந்த இடம். அதற்குக் கீழே அன்றைக்கு மற்றவர்கள் எழுதியவை அப்படியே நின்றன. 'உண்மை அக்கா, எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.' 'நானும் கண்ணால் பார்த்தேன்.' 'ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.' அவற்றுக்கும் கீழே பாயே எழுதியது: 'மிக்க மகிழ்ச்சி தங்கச்சி. இன்னும் பல பேருக்குச் சொல்லவும்.'

"என்னம்மா இது? இம்புட்டுப் பொய்யா?"

"பொய்தான். ஆனா தேதியைப் பாருங்க. நாலு வருசத்துப் பொய். எம்புட்டுப் பேரு ஆமாங்கறாங்க பாருங்க. நீங்களே மகிழ்ச்சிங்கிறீங்க."

"மாத்து தங்கச்சி. ஏவாரம் நடக்குற எடம்."

"நிதானமாப் படிங்க பாய்."

பாயின் முகம் சிவந்துவிட்டது. அவருக்கும் கோபம் வரும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"நீ மாத்தலைன்னா போ. நீ முன்னாடி எழுதுனது எங்கிட்ட இருக்கு. ஒரு தட்டுத் தட்டுனா பழையபடி வந்து நிக்கும்."

மவுஸை எடுத்தவர் கை அப்படியே நின்றது.

வெளியே ஒரு ஷேர் ஆட்டோக்காரன் ஆரப்பாளையம் ஆரப்பாளையம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"என்னோடது இருக்கு" என்றாள் அழகம்மாள். "அப்ப அவரோடதும் இருக்கும்."

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்திருக்கீங்க."

"அன்னைக்கே பாத்தேம்மா." குரல் தணிந்துவிட்டது. "போன் பண்ணி அழுதாரு. இத்தன வருசப் பேரு போயிரும் பாய்னாரு. ஒரு மனுசனை எதுக்கு அம்பலத்துல நிறுத்தணும்னு விட்டுட்டேன்."

"என்னைய நிறுத்துனீங்களே."

பாய் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு தட்டு. பழையது வந்தது. 'இருபது கிலோ ஆட்டுக்கு இருபது மில்லி.' அவள் ஒரு தரம்தான் வாசித்தாள். அழுதால் கோபம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இனிமே யாரு திருத்துனாலும் பழசும் கீழ தெரியுற மாதிரி வச்சுடறேன் தங்கச்சி. இன்னையிலருந்து."

"இன்னையிலருந்து இல்ல. ஆதியிலருந்து."

பாய் அதையும் செய்தார். வெள்ளைத்துரையின் ஐந்துக்குக் கீழே இருபது வந்து நின்றது, திருத்திய நாளும் நேரமுமாக. அழகம்மாள் தன்னுடையதைப் பழையபடி மாற்றினாள். அதற்குக் கீழேயும் குட்டிகள் சாகிற வரி வந்து நின்றது. அதை மட்டும் மறைத்துக்கொள்ளலாமா என்று கேட்கப் பாய் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவள் சோலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பாய் கடையில இருக்கேன். பாய் ஒண்ணு வாசிப்பாரு, கேளு."

ஜலால் பாய் வாசித்தார். டாக்டர் எழுதியது என்றார். பிறகு மாற்றிவிட்டார் என்றார். தனக்கு முன்பே தெரியும் என்பதை அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பக்கம் செவலை ஒரு முறை கத்துவது கேட்டது.

"சரி" என்றான் சோலை. கொஞ்சம் பொறுத்து, "சங்கத்துலருந்து ஏதோ மெசேஜ் வந்திருக்கு. நீ வந்து என்னான்னு பாரு" என்றான்.

"டீக்கடையில குடு. வாசிச்சுச் சொல்லுவாங்க."

போனை வைத்துவிட்டு அழகம்மாள் படியிறங்கினாள். மூட்டை மேல் டீ ஆடை கட்டிக் கிடந்தது.