நனைந்த பையின் எடை

ஏரித் தூண்டில் சங்கத்தின் பழைய தராசு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ ஒருவர் கையிலிருந்து நழுவி ஏரிக்குள் போய்விட்டது. யார் கையிலிருந்து என்று இன்றுவரை தெரியாது. கரையில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருந்தார்களாம்.

புதுத் தராசு வாங்கும் வேலை தையல்காரர் தலையில் விழுந்தது. சங்கத்தின் செயலாளர் அவர்தான். "அளவெடுத்துப் பழகின கை உங்களோடது. நீங்க வாங்கினா சரியா இருக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். விலை குறைவாகவும் இருக்க வேண்டும், துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டும் ஒரே கடையில் கிடைக்கும் என்று நம்புவதற்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும். அது அவரிடம் நிறைய இருந்தது.

அந்தச் சங்கத்தில் யாரும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பிடித்ததும் எடை பார்ப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கரையில் இருந்த கொட்டகைச் சுவரில் ஒரு பலகை உண்டு. சங்கத்திலேயே பெரிய மீன் எது, பிடித்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். மூன்று வருஷமாக அதில் இருந்தது ஒரே பெயர்தான். முடிதிருத்துபவர், கெண்டை, ஐந்து கிலோ நூறு கிராம். ஐந்து கிலோவைத் தாண்டியவர் வேறு யாரும் இல்லாததால் அவருக்கு 'அஞ்சு கிலோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள்கூட "அஞ்சு கிலோ இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் வேறு யாருமில்லை, தையல்காரரின் தங்கை கணவர்.

தையல்காரர் அரைநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். பக்கத்து மளிகைக்கடையில் முத்திரை குத்திய இரும்பு எடைக்கற்களை இரவல் வாங்கிக்கொண்டார். கூடவே மீனை வைத்து எடை போடும் பையையும் எடுத்துக்கொண்டார். அவரே தைத்த பை அது. வெளியே முரட்டுத் துணி, உள்ளே மீனின் செதில் உரசாதபடி தடித்த பருத்தித் துணி. பையின் எடையைக் கழிக்க வசதியாக, அதன் ஓரத்தில் '150' என்று சிவப்பு நூலால் அழகாகத் தைத்து வைத்திருந்தார்.

தூண்டில் சாமான் கடையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எடைக்கற்களை மேசைமேல் வரிசையாக வைத்ததும் அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்னண்ணே, கடையையே எடை போட வந்தீங்களா?"

"தராசை எடை போட வந்தேம்மா."

அந்த அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. கையில் பிடித்துத் தொங்கவிடும் தராசுகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். முதலில் எடுத்ததில் விளக்கு, அளவு நாடா, வெப்பம் காட்டும் முள் எல்லாம் இருந்தன. அதன் விலைக்கு ஒன்பது சட்டை தைக்க வேண்டும். ஐந்து கிலோ கல்லைத் தொங்கவிட்டால் ஐந்து கிலோ அறுபது கிராம் என்றது. ஸ்பிரிங் வைத்தது ஒன்று. அதில் முள் ஆடிக்கொண்டே இருந்தது, பார்க்கிறவர் மனசுக்குத் தகுந்த இடத்தில் நிற்கும்போல. கடைசியாக, அலங்காரமே இல்லாத சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று. இரண்டு சட்டைக் கூலிதான். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ காட்டியது. ஐந்துக்கு ஐந்து. கல்லை இறக்கி மறுபடி மாட்டினார். மறுபடியும் ஐந்து. நான்காவது தடவை மாட்டும்போது அந்த அம்மா சொன்னார்:

"போதும்ணே, அதுக்கே வெக்கமா இருக்கும். மீனை எதுல வச்சு எடை போடறீங்க?"

தையல்காரர் பெருமையோடு பையை நீட்டினார். அம்மா சிவப்பு எண்ணைத் தடவிப் பார்த்தார். "நல்ல வேலைப்பாடு. ஆனா இது காஞ்ச பையோட எடையாச்சே. நீங்க மீனை ஈரப் பையிலதானே வைப்பீங்க?"

"ஆமா, காஞ்ச துணி மீனுக்கு ஆகாதே."

அம்மா பையை வாங்கி, மூலையில் இருந்த வாளித் தண்ணீரில் முக்கி, சொட்டுவது நின்றதும் தராசில் மாட்டினார். நானூற்று ஐம்பது.

"பாத்தீங்களா, முந்நூறு கிராம் தண்ணி. முதல்ல ஈரப் பையை மாட்டி, இந்தப் பொத்தானை அமுக்கி பூஜ்யமாக்கணும். அப்புறம்தான் மீனை வைக்கணும்... என்னண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? உக்காருங்க."

தையல்காரர் உட்கார்ந்தார். அவர் மனசுக்குள் ஐந்து கிலோ நூறிலிருந்து முந்நூறு போய்விட்டிருந்தது. அந்தப் பையை முதன்முதலில் நனைத்ததே மாப்பிள்ளையின் மீனுக்காகத்தான். அதற்கு முன்பெல்லாம் மீனை வலையில் வைத்து எடை போட்டார்கள். பிறகு வந்த மீன்கள் எல்லாம் சின்னவை, யார் கணக்கும் பலகைவரை போகவில்லை. பழைய தராசு பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது அவர் தைத்த பை.

மறுநாள் மாப்பிள்ளையின் கடைக்கு முகம் மழிக்கப் போனார். நுரை தடவி, ஒரு கன்னம் முடிந்த நேரத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

கத்தி நின்றது.

"மச்சான், கத்தி உங்க கழுத்துல இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சாச்சு மாப்பிள்ளை. தப்பு உங்களோடது இல்லை. பையைத் தைச்சது நான், நம்பரைத் தைச்சதும் நான். ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"எதுக்கு? அந்த மீன் இப்ப எங்க இருக்கு? ஏரியில. கூப்பிட்டு மறுபடி எடை போடப் போறீங்களா? என் பேரே அஞ்சு கிலோ மச்சான். உங்க தங்கச்சி கோபம் வந்தாகூட அப்படித்தான் கூப்பிடறா. அந்தப் பேரைப் பிடுங்கிட்டு என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

தையல்காரர் நுரை பூசிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

"சொன்னீங்கன்னா, முடி வெட்ட வேற கடை பாத்துக்கங்க" என்றார் முடிதிருத்துபவர். சொல்லிவிட்டு மீதிக் கன்னத்தையும் ஒரு கீறல் இல்லாமல் மழித்தார். படிகாரம் தடவி, துண்டால் ஒற்றியும் விட்டார். கோபம் வாயில் இருந்தது, கைக்கு இறங்கவில்லை. தையல்காரர் வீட்டுக்குப் போய் விளக்கின் முன் நின்று, 'கடவுளே, உண்மையைச் சொல்ல வாயைக் கொடு. அவர் மனசு நோகாதபடி சொல்ல வார்த்தையையும் கொடு' என்று வேண்டிக்கொண்டார். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பது என்று யோசித்தபடியே தூங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து சேர்வதற்குள்ளேயே கரையில் ஒரே சத்தம். நர்ஸின் தூண்டிலில் பெரிய கெண்டை மாட்டியிருந்தது. இரவு வேலை முடிந்து, உடுப்புகூட மாற்றாமல் நேராக ஏரிக்கு வருகிற பெண் அவள். யார் விரலில் தூண்டில் முள் ஏறினாலும் வலிக்காமல் எடுத்துவிடுவாள். முடிதிருத்துபவரின் கட்டை விரலையே இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறாள். 'ஊசித் தங்கச்சி' என்று அவர் வைத்த பெயர்தான் அவளுக்கு.

தையல்காரர் பையை நனைத்து மாட்டி, பொத்தானை அமுக்கினார். பூஜ்யம். மீனை வைத்தார். எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

நாலு கிலோ தொள்ளாயிரத்து முப்பது.

"அடடா, அஞ்சைத் தொடலையே" என்றது ஒரு குரல்.

நர்ஸ் பலகையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தாள். "பரவாயில்லை. அண்ணன் பேரு அண்ணனுக்கே இருக்கட்டும். எனக்கும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிடுச்சு."

தையல்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"மச்சான், பையில என்ன நம்பர் தைச்சிருக்கீங்க? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க."

முடிதிருத்துபவர்தான். தையல்காரர் படித்தார். "நூத்தம்பது."

"அது காஞ்ச பை. நனைஞ்சா நானூத்தம்பது. என் மீனுக்கு நாங்க கழிச்சது நூத்தம்பதுதான். அதுல முந்நூறு கிராம் ஏரித் தண்ணி. என்னோடது நாலு எண்ணூறு. இவளோடது நாலு தொள்ளாயிரத்து முப்பது. பலகையை யாராவது கழட்டுங்கப்பா."

"தப்பு என்னோடது" என்று தையல்காரர் அவசரமாகச் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"அப்ப இனிமே உன்னை எப்படிக் கூப்பிடறது?" என்று ஒருவர் கேட்டார்.

"நாலு எண்ணூறுன்னு கூப்பிடு. என்ன, வாய் கொஞ்சம் வலிக்கும்."

கரையே சிரித்தது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "முதல்ல மீனைத் தண்ணியில விடு. அது நம்ம கதையெல்லாம் கேட்டுட்டு இருக்கணுமா?" என்று முடிதிருத்துபவர் அதட்டினார். இருவருமாகப் பையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்தார்கள். கெண்டை இரண்டு தடவை வாலை அசைத்து, அவர்கள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று.

பிறகு தையல்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "எப்படி மாப்பிள்ளை மனசு மாறினீங்க?"

"அவ வருத்தப்பட்டிருந்தா கம்முனு இருந்திருப்பேன் மச்சான். கொஞ்சம்கூட வருத்தமில்லாம எனக்காகச் சிரிச்சா பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை." அவர் தூண்டில் முள்ளில் இரையைக் குத்தினார். "இன்னொண்ணு சொல்லட்டுமா? மூணு வருஷமா நான் ஒழுங்கா மீனே பிடிக்கலை. அடுத்தவன் தூண்டில் வளையுதான்னுதான் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் என் மிதவையைப் பாக்கப் போறேன்."

கேட்ட தையல்காரருக்கு, தாம் வேண்டிக்கொண்ட இரண்டையும் கடவுள் வேறொருவர் வாயில் வைத்துக் கொடுத்துவிட்டார் என்று தோன்றியது.

முடிதிருத்துபவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என்ன இரை போட்டே?"

"அதை மட்டும் கேக்காதீங்கண்ணே."

"நாலு எண்ணூறு கேக்கறேன், சொல்ல மாட்டியா?"

"அஞ்சு கிலோவே கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே தூண்டிலை வீசினார்.