மேட்டுத் தெருவுக்கு நாலு சுத்து

பம்ப் ரூமுக்குள் வந்ததும் மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினார். எப்போதும் என்னை "யோவ்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு "அண்ணே" என்றார்.

"அண்ணே, இது என்ன?" பதிவேட்டை மேசைமேல் விரித்து, கடைசிக் கட்டத்தில் விரலை ஊன்றினார்.

"குறிப்புங்க."

"குறிப்புன்னு மேல அச்சடிச்சிருக்கிறது எனக்கும் தெரியுது. உள்ள என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"சுத்துங்க. கீழ்ச் சாலைக்கு இருபத்தொண்ணு, மேட்டுத் தெருவுக்கு நாலு."

யாரோ காலை வாரிவிட்ட மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

நகர மன்றத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை எனக்கு. பதினொரு வருஷமாகத் தற்காலிகம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இரண்டு குழாய் பிரிகிறது. ஒன்று கீழ்ச் சாலைக்கு, ஒன்று மேட்டுத் தெருவுக்கு. இடுப்பு உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கி, வால்வின் தலையில் மாட்டிச் சுற்ற வேண்டும். இருபத்தொரு சுத்து சுற்றினால் முழுசாகத் திறக்கும். நாலு சுத்து வைத்தால் மேட்டில் பாதி வீட்டுக்கு நூல் மாதிரி வரும். மீதி வீட்டில் குழாய் விசில் அடிக்கும், அவ்வளவுதான்.

நாலு போதும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் இவர்தான். கீழ்ச் சாலையில் இருப்பவை, போன் அடித்தால் எழுந்து நின்று பேச வேண்டிய வீடுகள்.

நாலு மாதத்துக்கு முன் மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். எல்லாத் தெருவுக்கும் சமமாக இரண்டு மணி நேரம். திறக்கிற ஆளே தன் கையால் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பதிவேட்டை ஜனங்களுக்கு முன்னால் மேசையில் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம், கேள்வி கேட்கலாம். அதுவரை இவர் எழுதுவார், நான் பெருவிரலை உருட்டுவேன். தீர்மானம் வந்த சமயம் எனக்கு ஐம்பத்திரண்டு வயது, எழுத்துக் கூட்டப் பழகி ஆறு மாதம்.

தேதி, தெரு, திறந்த மணி, மூடிய மணி, குறிப்பு. இந்தக் குறிப்பு என்றால் என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. நம் கை செய்கிற வேலையைத்தான் கேட்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, சுத்தின கணக்கைத் தொண்ணூறு நாளும் எழுதினேன். இவரும் தொண்ணூறு நாளும் மணிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் கூட்டம் அன்றைக்குத்தான், பிற்பகல் மூன்று மணிக்கு. பதினோரு மணிக்குத்தான் ஐயா குறிப்பைப் படித்திருக்கிறார்.

அலமாரியிலிருந்து புதுப் பதிவேடு ஒன்றை எடுத்துப் போட்டார். "இதுல பாத்து அப்படியே எழுதுங்க. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியா விடுங்க."

"நீங்க எழுதினா சீக்கிரம் முடிஞ்சிடுமேங்க."

"கோழி கிளறின மாதிரி எழுத எனக்கு வராதே, அண்ணே. சம்பளம் குடுக்கிற அந்த ஆபீஸ் அம்மாவுக்கு உங்க எழுத்து நல்லாத் தெரியும்." சிரித்தார். சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு சொன்னார்: "நிரந்தரம் பண்ற பட்டியல்ல உங்க பேரு மூணாவது. அதுல என் கையெழுத்து விழணும். ஞாபகம் இருக்கட்டும்."

"மேட்டுத் தெருக்காரங்க மனு குடுத்திருக்காங்களேங்க?"

"மணி சரியா இருந்தா மனுவை முடிச்சிடுவாங்க. ஒரு தடவை முடிச்ச மனுவை ஒரு வருஷத்துக்குத் திரும்பக் குடுக்க முடியாது. தீர்மானத்துலயே இருக்கு. எழுதுங்க, எழுதுங்க."

அந்த மனுவை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. என் கொழுந்தியாள். மேட்டுத் தெருவின் உச்சியில் கடைசி வீடு.

எழுதத் தொடங்கினேன். அவர் பக்கத்தில் நின்று தேதியைப் படித்துச் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு வரி. சாவி பிடித்துக் காய்த்த கைக்குப் பேனா நிற்காது. பத்து வரிக்கு ஒரு தரம் விரலை உதறினால் "ம், ம்" என்பார். ஜன்னல் வழியாகத் தெரிந்த தொட்டி நிழல் சுவரிலிருந்து மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

நாற்பத்தோராவது நாளில் கை நின்றுவிட்டது.

பழைய பதிவேட்டில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் இரண்டு வரியிலும் இருபத்தொண்ணு. என் சகலை இறந்துபோன நாள். உச்சி வீட்டில் உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவார்களே என்று, யாரையும் கேட்காமல் முழுசாகத் திறந்துவிட்டு ஏறிப் போனேன். நான் போகிறபோது வாசல் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தியாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

சாயங்காலம் கேட்டாள். "குழாய் துருப்புடிச்சிருக்கு, அதான் வரலைன்னு சொன்னீங்களே அத்தான்? இன்னிக்கு மட்டும் துரு எங்க போச்சு?"

"சில நாள் அப்படித்தான்மா வரும்."

மறுநாள் நாலு சுத்து வைத்தேன். அடுத்த வாரம் அவள் மனுவைத் தூக்கிக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

எழுதினேன். தேதி, தெரு, திறந்த மணி, மூடிய மணி. பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். புதியதில் அந்த நாளும் மற்ற நாட்களும் ஒரே மாதிரி இருந்தன.

மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் முடிந்தது. அவர் தன் கையெழுத்தை மளமளவென்று போட்டார். பழைய பதிவேட்டைத் தன் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தார். "வாயைத் தொறக்காதீங்க. கேட்டா மணியைச் சொல்லுங்க, போதும்."

மன்றக் கூடத்தில் மேட்டுத் தெரு ஆட்கள் முப்பது பேராவது இருப்பார்கள். தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஆபீஸ் அம்மா எழுதிக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் முன்னே போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். அவள் திருப்பிய ஒவ்வொரு பக்கத்துக்கும் என் முதுகில் வேர்வை இறங்கியது.

"எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்றார் தலைவர்.

"ரொம்ப ஒழுங்கா இருக்குங்க. தண்ணி தொறக்கிறவர் புஸ்தகம், மூணு மாசமா ஒரு சொட்டு ஈரம் படல. எங்க வீட்டுக் குழாய் மாதிரியே இருக்கு."

கூடம் சிரித்தது. மேற்பார்வையாளரும் சேர்ந்து சிரித்தார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே திறக்கிறது? ரெண்டு தெருவுக்கும் ரெண்டு மணி நேரம் திறந்தீங்களா?"

"திறந்தேங்க."

கொழுந்தியாள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒன்றும் எதிர்பார்க்காதவள் மாதிரி பார்த்துவிட்டு, தன் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.

"அப்போ குறைபாடு இல்லைன்னு எழுதிக்குங்கம்மா," என்றார் தலைவர். "மனு முடிக்கப்..."

"மணி சரிதாங்க," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "சுத்து சரியில்லைங்க."

"என்ன சுத்து?"

"யோவ்!" என்றார் மேற்பார்வையாளர்.

பழையபடி யோவ் ஆகிவிட்டதும் எனக்குப் பயம் கொஞ்சம் விட்டது. இனி இழக்க அந்தப் பட்டியல்கூட இல்லை. சொன்னேன். முழுசாகத் திறந்தால் எத்தனை, மேட்டுக்கு வைத்தது எத்தனை, சொன்னது யார், காலையில் பம்ப் ரூமில் உட்கார்ந்து எழுதியது எது, பழையது எந்தப் பையில் இருக்கிறது. கையைக் காட்டினேன். மை விரல் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது.

தலைவர் பையைக் கேட்டார். அதில் தன் சொந்தச் சாமான் இருக்கிறது என்றார் மேற்பார்வையாளர். "இங்க வச்சுத் திறங்க, எங்களுக்கும் காட்டுங்க," என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார். ஜிப்பு பாதியில் சிக்கிக்கொண்டது. கடைசியில் ஆபீஸ் அம்மாதான் எழுந்து வந்து இழுத்துத் திறந்தார்.

பழைய பதிவேடு மேசைக்கு வந்தது. கொழுந்தியாள் அதை நின்றபடி படித்தாள். நாலு, நாலு, நாலு என்று அவள் உதடு அசைந்தது. ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டை மூடினாள்.

"தலைவரே, மனுவுல ஒரு பேரு சேக்கணும்."

"யார் பேரு?"

"மேற்பார்வையாளர் சொன்னாரு, சரி. வால்வைத் திருப்பினது இவரு கை. இவரு எங்க அக்கா வீட்டுக்காரரு. இவரையும் சேத்துக்குங்க."

ஆபீஸ் அம்மா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"எழுதிக்குங்கம்மா," என்றேன்.

விசாரணை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் வேலைக்கு வரக் கூடாது, சாவி ஆபீசில் இருக்க வேண்டும் என்றார் தலைவர். நாளையிலிருந்து இரண்டு தெருவுக்கும் சமமாக இரண்டு மணி நேரம், தெருவுக்கு ஒருவர் வால்வு பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று ஆபீஸ் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மணின்னு மட்டும் எழுதாதீங்க," என்றாள் கொழுந்தியாள். "சுத்துன்னும் எழுதுங்க." என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "முழுசாத் தொறக்க எத்தனை?"

"இருபத்தொண்ணு."

"இருபத்தொண்ணுன்னு எழுதுங்கம்மா. ரெண்டு தெருவுக்கும்."

எழுதி முடித்து முத்திரை குத்துகிற வரை அவள் மேசையை விட்டு நகரவில்லை. வெளியே படியில் நான் நின்றிருந்தேன். தெரு ஆட்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக அவள் வந்தாள். ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க அத்தான்," என்றாள். "நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காது."