அம்புரோஸ் போகாத வீடு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. எங்கள் வீட்டை வாங்க நினைப்பவரின் வக்கீல் கேட்டார்: "சாரோட தம்பி கையெழுத்து போட்டுடுவார் இல்லம்மா?" வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். அதற்குள் எழுதிப் பார்க்கிறேன்.

'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. ஆகவே கதையில் நான் 'அவள்'; பெயர் ஞானபாக்கியம். திருவொற்றியூரில் வீடு, மனைப் பத்திரங்கள் பார்த்துவந்த வக்கீல் அம்புரோஸின் மனைவி. அவர் போன மழைக்காலத்தில் இறந்தார்.

2

முதல் தொடக்கம்: "நேர்மைக்குப் பெயர்போன அம்புரோஸ் அவர்கள்…"

(அடித்துவிட்டேன். இரங்கல் கூட்டம் போலிருக்கிறது.)

இரண்டாவது: ராயபுரத்தில் துறைமுகக் கூலித் தொழிலாளி ஒருவரின் மூத்த மகன். பத்திர எழுத்தரிடம் உதவியாளராக இருந்து, பிறகு சட்டம் படித்தார். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். வீடு விற்க வருகிறவர்களிடம் மூலப்பத்திரத்தைக் கேட்பதற்கு முன்பே கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்பார்.

அக்காவோடு பங்குள்ள வீட்டை விற்க வியாசர்பாடி கார்குழலி வந்த அன்று நடந்த பேச்சை ஞானபாக்கியம் சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"அக்கா வூட்டுக்குப் போனியாம்மா?"

"அது மூஞ்சில முழிக்க மாட்டேன் சார்."

"முழிக்காத. ஒரு டீ குடிச்சிட்டு வா. அப்பால பத்திரத்தப் பாக்கலாம்."

"நீ வக்கீலா, டீ மாஸ்டரா சார்?"

திட்டிக்கொண்டே போனாள். அடுத்த வாரம் அக்காவோடு வந்தாள், இருவரும் வாசலிலேயே சண்டை போட்டபடி.

3

இங்கேதான் என் பாத்திரத்தை நான் சந்தேகிக்கிறேன்.

ஊருக்கெல்லாம் பாகம் பிரித்தவரின் சொந்த வீடு இன்னும் செத்துப்போன அப்பா பெயரில் இருக்கிறது. பாதி தம்பி பெனிட்டோவுக்கு. அவன் அத்திப்பட்டில் ஒரு மனையை விற்கப் போனபோது, வாங்குபவர், இருவரும் அண்ணன் தம்பி என்று தெரியாமல், அம்புரோஸிடமே கருத்துக் கேட்டார். "மனைக்குப் போகும் வழி பத்திரத்தில் இல்லை, வாங்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார் அம்புரோஸ். விற்பது தம்பி என்று தெரிந்தேதான். விற்பனை முறிந்தது. அதோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

தம்பி இருக்கும் எண்ணூர் என்ன, தூரமா? ஒரு டீ குடிக்க அவர் ஏன் போகவில்லை? ரோஷம் என்று எழுதினேன். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் போதவில்லை. ஞானபாக்கியத்துக்கு வேறொன்று தோன்றுகிறது. பாகம் பிரியாதவரை அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பேசாவிட்டாலும். அதைக்கூட இழக்க அவருக்கு…

(தெரியாது. செத்தவர் வாயில் நான் வார்த்தை வைக்கக் கூடாது.)

ஞானபாக்கியத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வாசலுக்குப் போக அந்த முன்னறையைத் தாண்ட வேண்டும். அதிலுள்ள அவர் நாற்காலியைத் தினமும் தாண்ட அவளால் முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு மகள் ஜெஸ்லினோடு தூத்துக்குடியில் இருக்க வேண்டும். தம்பி கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது.

4

எண்ணூருக்குப் போனாள். வாசலில் கிடந்த வலையைக் காலால் ஒதுக்கினான் பெனிட்டோ.

"வா அண்ணி. கரண்டு கம்பெனி சாம்பலு பறக்குது, உள்ள வா. போய் சேந்தப்பறமும் அவன்தான் அனுப்புனானா?"

"அவுங்க எங்க அனுப்ப, தம்பி. நானாத்தான் வந்தேன்."

டீ கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊரையே டீ குடிக்க அனுப்பிகினு இருந்தான். இங்க ஒரு தபா வந்துருந்தா அன்னிக்கே கையெழுத்து போட்ருப்பேன்." பிறகு கையை நீட்டினான். "பேனா கீதா?"

அவள் பையைத் திறந்தாள்.

"போட்டா அவ்ளோதான, அண்ணி? அப்பால இந்தப் பக்கம் நீ ஏன் வரப்போற?"

5

"வருவேன்" என்று அவள் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். தூத்துக்குடியிலிருந்தா? பொய்யாக இருந்தது.

பேனாவை எடுக்காமல் பையை மூடுவதாக இன்னொன்று. அப்போது நாளைக் காலை அந்த நாற்காலியை யார் தாண்டுவது?

வெள்ளிக்கிழமை வாங்குபவரின் வக்கீல் பதிலுக்கு வருகிறார். ஞானபாக்கியத்தின் கை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. முடிவை நீங்கள் எழுதலாம், தடையில்லை. ஆனால் உங்களுக்கும் பேசாத அண்ணனோ அக்காவோ யாராவது இருப்பார்கள். முதலில் அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்பால பாக்கலாம்.