லூயிசாவின் காலில் பட்ட பந்து

லூயிசாவால் ஹாக்கி ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க முடியாது. சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் டிரில் டீச்சர். பந்து எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒட்டி அந்தப் பக்கமே நடப்பாள். புருஷன் ஞானதாஸ் அவளோடு வருவதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. "உன் பின்னாடி சுத்திக்கினு இருந்தா நான் ஆட்டத்த எப்போ பாக்கறது?" என்பான்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் இலங்கை அணி ஒன்று வந்து ராயப்பேட்டை மைதானத்தில் சென்னை அணியோடு ஆடிய அந்தச் சனிக்கிழமையும் அவள் நடந்துகொண்டுதான் இருந்தாள். பக்கத்திலேயே கல்யாணராமன். மயிலாப்பூரில் வக்கீல் குமாஸ்தா. எந்த ஆட்டத்தையும் விடாதவர். மைதானத்தில் பார்த்துப் பார்த்தே பழக்கம்.

ஆளுக்கு ஒரு கோல். இன்னும் மூன்று நிமிஷம். லூயிசா இலங்கையின் கோலுக்குப் பக்கத்தில், கயிற்றைத் தாண்டி உள்ளே நின்றிருந்தாள். எப்போது தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சென்னைக்காரன் அடித்த பந்து குறி தப்பி, கம்பத்துக்கு வெளியே கோட்டைத் தாண்டி வந்து அவள் கணுக்காலில் அறைந்தது. பந்துதான் வெளியே போய்விட்டதே என்று இலங்கை கோல்காரன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். காலில் பட்ட பந்தோ திரும்பி உள்ளே உருண்டது. ஓடி வந்த ஒருவன் அதை அப்படியே வலைக்குள் தள்ளினான்.

நடுவருக்கும் அந்த மூலைக்கும் இடையே ஏழெட்டு ஆட்டக்காரர்கள் மறைத்திருந்தார்கள். அவர் விசில் ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டினார். கோல்!

"ஸார், என் கால்ல பட்டுச்சு" என்றாள் லூயிசா.

கல்யாணராமன் அவள் காலைப் பார்த்தார். "ஒண்ணும் படலை. அம்பயரே கொடுத்தாச்சு, நடுவுல நீங்க யாரு? கத்துங்கோ!"

அவள் கத்தினாள். அவரைவிட உரக்கவே கத்தினாள். கோல்காரன் நடுவரிடம் ஓடி எதையோ சொல்வதும், அவர் மறுத்துத் தலையை ஆட்டுவதும், அவனுடைய ஆட்களே அவனைத் திட்டுவதும் தெரிந்தன. அப்போதும் அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நொண்டி நொண்டி வந்தாள்.

"கால்ல இன்னா?" என்றான் ஞானதாஸ்.

"கல்லு தடுக்கிச்சு."

சோறு இறங்கவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். மறுபடி எடுத்துக் கழுவினாள். மறுநாள் மாதா கோவில் பூசையில் சாமியார் செய்த பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. கோவில் வாசலிலேயே ஞானதாஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஆட்டம் முடிஞ்சு போச்சு. இப்போ போய் சொன்னா இன்னா ஆவப்போவுது?"

"தெரியல. ஆனா இப்படி இருக்க முடியல என்னால."

இலங்கைக்காரர்கள் மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு கல்யாணச் சத்திரத்தில் தங்கியிருந்தார்கள். சாயங்கால ரயிலுக்குக் கிளம்ப வேண்டியவர்கள். கச்சேரி ரோடு முழுக்கக் காலை இழுத்துக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று நின்றாள். நிற்கவும் முடியவில்லை, நடந்தாள்.

கூடத்தில் மட்டைகளைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. கோல்காரன் மட்டும் தூணோரமாகத் தனியே உட்கார்ந்திருந்தான். ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். அவனோடு யாரும் பேசவில்லை.

லூயிசா கேப்டனிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நேத்து எங்க ரெண்டாவது கோலுக்கு முன்னாடி பந்து வெளியே வந்துடுச்சுங்க. என் கால்ல பட்டுத்தான் உள்ளே போச்சு." புடவையைச் சற்று ஒதுக்கி, வீங்கிக் கன்றிப்போன கணுக்காலைக் காட்டினாள்.

மட்டை கட்டிய கைகள் நின்றன. ஸ்தனிஸ்லாஸ் எழுந்து வந்தான்.

"நான் சொன்னனான் எல்லோ?" அவன் கேப்டன் பக்கம் திரும்பினான். "பந்து வெளியில போனதெண்டு சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. பயத்தில கையத் தூக்கிப்போட்டு நிண்டனான் எண்டு எல்லாரும் சொன்னவை."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவன் தோளைப் பிடித்து, "மன்னிச்சுக்கொள்ளடா" என்றார்.

ஸ்தனிஸ்லாஸ் லூயிசாவைப் பார்த்தான். "அப்பவே ஏன் அக்கா சொல்லேல்லை?"

வழியெல்லாம் பல பதில்கள் யோசித்து வைத்திருந்தாள். "நாங்க ஜெயிக்கணும்னு இருந்துச்சு தம்பி" என்றாள்.

அவன் குனிந்து அவள் காலைப் பார்த்தான். "வலிக்குதோ?" என்று மட்டும் கேட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

அதில் உட்கார்ந்து, கேப்டன் கொடுத்த தாளில் நடந்ததை எழுதி, தன் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். இன்னொரு பிரதி எழுதி ஹாக்கி சங்கத்துக்கும் தபாலில் சேர்த்தாள். சங்கத்திலிருந்து பதில் வரவில்லை. இரண்டுக்கு ஒன்று என்றே கணக்கு நின்றது. விஷயம் வெளியே தெரிந்ததும் கல்யாணராமன் கொதித்துப் போனார்.

"நம்ம ஊரையே காட்டிக் கொடுத்துட்டேளே!"

"என் காலைத்தான் ஸார் காட்டினேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த ஆட்டத்தில் எதிர்ப் பக்கம் போய் நின்றார். லூயிசா வழக்கம்போல நடந்தாள், கயிற்றுக்கு வெளியே; அவர் இருக்கும் பக்கம் வரும்போது மட்டும் நடையை மெதுவாக்கினாள். ஆனாலும் அந்தப் பக்கம் போகாமல் இருக்கவில்லை. பந்து அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.