ஆலத்தியூர்க் கைப்பேச்சு

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் இருபத்தைந்து வருடம் சூளை பார்த்தவன் நான். நான் ஓய்வு பெற்ற அன்று அந்தச் சூளை மூன்று நிமிடம் அழுதது. என் மனைவி சுந்தராம்பாளே இதை நம்புவதில்லை. போகட்டும்.

அண்ணன் மகள் பூங்குழலி பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பேராசிரியை. உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் கழுவி, கேமரா, மைக் வைத்து, வீடியோ பாடம் தயாரிக்கும் இடமாக்கியிருந்தாள். துறைத்தலைவர் முத்துசாமிக்குச் சாக்பீஸ் தவிர மற்றதெல்லாம் சினிமா. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சூளைப் பாடத்தை வகுப்பில் போட வேண்டும், அவரே கேள்வி கேட்பார், பிள்ளைகள் முழித்தால் மறுநாளே பெஞ்சுகள் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டார்.

அனிமேஷன் தயார். குரல் மட்டும் நான் தர வேண்டும். வெள்ளி காலை போனேன். உணர்ச்சி வரட்டும் என்று ஹெட்போனில் சூளை இரைச்சலை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். நானும் பன்னிரண்டு நிமிடம் வெளுத்து வாங்கினேன். பதிவைப் போட்டால் ஒரு சத்தமும் இல்லை.

“நீங்க ஒரு வார்த்தகூடப் பேசல சித்தப்பா.”

“பேசினேனே, கையால.”

மூன்று மாவட்டத்துக்குக் கேட்கிற என் குரல் சூளைப் பக்கத்தில் என் காதுக்கே எட்டாது. அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். இரைச்சல் காதில் விழுந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. இரைச்சலை நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னாள்; பாடமே மறந்துபோனது. மணி பன்னிரண்டு.

என் கைகளையே சற்று நேரம் பார்த்தவள், கேமராவை அவற்றுக்கு நேரே இறக்கி, இரைச்சலை மறுபடி ஓடவிட்டாள். “இதத்தான் படம் புடிக்கப் போறேன். மறுபடி பேசுங்க.”

படம் பிடித்ததும் கணினி முன் உட்கார்ந்து, ஒவ்வொரு சைகைக்கும் பக்கத்திலேயே அனிமேஷன் சூளை இயங்கவும், கீழே அதன் அர்த்தமும் காரணமும் எழுத்தாக ஓடவும் வைத்தாள். சாப்பிடச் சொன்னதற்கு மூன்று மணிக்கு மேல் பார்க்கலாம் என்றாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு முடித்தாள்.

வகுப்பில் அறுபது பேர் பார்த்தார்கள். மின்விசிறியும் நின்று பார்த்தது. முடிந்ததும் முத்துசாமி கடைசி பெஞ்ச் லாவண்யாவை எழுப்பினார்.

“உள்ள சூடு எகிறிடுச்சு. மொதல்ல என்ன செய்வ?”

அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினாள்.

“வாயத் தெறந்து சொல்லும்மா.”

“நெருப்பக் கொறைக்கணும் சார். ஆனா அங்க வாயால சொன்னா கேக்காதுங்க.”

பின்னாலேயே ஐம்பத்தொன்பது கைகள் இறங்கின. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். கைகளும் சரி, காரணங்களும் சரி. வாசலில் நின்ற அட்டெண்டரிடம் பெஞ்சுகளுக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

நான்காவது கேள்வியை அவர் கையால் கேட்டார், தப்பான சைகையில். லாவண்யா விரலை மடக்கிக் காட்டித் திருத்தினாள்.