திரும்பாத கோடு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாலிஷ் அக்கா இரும்புத் தகட்டுத் துண்டுகளை முகம் தெரியுமளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். நான் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுப்பேன். தகட்டுக்குள் காந்தம் திட்டுத் திட்டாக, ஒவ்வொரு திட்டும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிற்கும். படத்தில் அது மங்கலாகத்தான் விழும். அதனால் முதலில் பலத்த காந்தத்தால் எல்லாத் திட்டையும் ஒரே பக்கம் திருப்பி திட்டே தெரியாத ஒரு வெற்றுப்படம் எடுப்போம். அடுத்து எடுக்கும் படங்களிலிருந்து கம்ப்யூட்டர் அதைக் கழித்துவிடும். திட்டுகள் மட்டும் பளிச்சென்று மிஞ்சும். துண்டை மாற்றினால் வெற்றுப்படத்தையும் புதிதாக எடுக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு, திங்கட்கிழமை எடுத்ததையே வாரம் முழுக்க ஓட்டினேன்.

எல்லாப் படத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

"என்னக்கா, கண்ணை மூடிக்கிட்டுத் தேய்ச்சீங்களா? எவ்ளோ பெரிய கீறல்!"

"எங்கிட்டேருந்து போறப்ப இல்லையே தம்பி. துண்டைக் கொஞ்சம் திருப்பி வச்சுப் பாரேன். கீறலா இருந்தா அதுவும் கூடவே திரும்பும்ல?"

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? உங்க வேலை தேய்க்கிறதோட சரி."

நாலு பேர் முன்னால்தான் சொன்னேன். அக்கா அந்தத் துண்டுகளை மறுபடி மறுபடி தேய்த்தார். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். கோடு போகவில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத் தலைவர் அவரைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார். பதினோரு வருஷமாகப் பார்த்த வேலை.

அடுத்த வாரமும் அந்த வெற்றுப்படத்தையே ஓட்டினேன். புது ஆள் தேய்த்த துண்டிலும் அதே கோடு. அதே இடத்தில். அக்கா சொன்னபடியே துண்டைத் திருப்பினேன். திட்டுகள் திரும்பின, கோடு அப்படியே நின்றது. பழைய வெற்றுப்படத்தைத் திறந்தேன். குறுக்கே ஒரு இமைமுடி. கம்ப்யூட்டர் அதை ஒவ்வொரு படத்திலும் கழித்ததுதான் அந்த வெள்ளைக் கோடு. அன்றைக்குத் துண்டின்மேல் குனிந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

தலைவர் அறைக்கு ஓடினேன். வாசல்வரை "என் தப்பு சார்" என்பதுதான் நாக்கில் இருந்தது. உள்ளே போனதும் வேறு வந்தது.

"சாஃப்ட்வேர்ல ஒரு கோளாறு சார். அக்கா மேல தப்பில்ல. துண்டைத் திருப்பிப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டேன்."

தூ! அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா பழைய இடத்துக்கே வந்துவிட்டார். வந்ததும் நேராக என் மேசைக்குத்தான் வந்தார். அதே நாலு பேரும் இருந்தார்கள்.

"நான் சொன்னதை மனசுல வச்சுத் திருப்பிப் பாத்தியாமே தம்பி! நீ இல்லேன்னா கடைசிவரைக்கும் என் பேரு கெட்டதாவே இருந்திருக்கும். ரொம்ப நன்றிப்பா."

பிளாஸ்திரி ஒட்டிய விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கத்தில் காது சுட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பரவாயில்லக்கா," என்றேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயால் அதைத்தான் சொன்னேன்.